எங்க பிள்ளை பேரு அந்துவன்

மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகன் ஒருநாள் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "அப்பா, அந்துன்னா பூச்சியா?"

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மைதான். சோளத்திலும் நெல்லிலும் விழுகிற அந்துப்பூச்சியை ஆண்டிபட்டிப் பக்கம் தெரியாதவர் கிடையாது. குதிருக்குள் கையை விட்டால் சாம்பல் நிறத்தில் பறந்து வரும். தமிழில் முதுகலை படித்து, சங்க இலக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பெயர் தேடிய நமக்கு, அந்தப் பெயரைப் பாதியில் ஒடித்தால் என்ன வரும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

மகனுடைய பெயர் அந்துவன். ஊரில் இந்தப் பெயரில் வேறு ஆள் இல்லை. பழைய பெயராகவும் இருக்க வேண்டும், பத்துப் பேர் திரும்பிப் பார்க்காத பெயராகவும் இருக்க வேண்டும் என்று பிள்ளை பிறப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தோம். ஒரு நோட்டில் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். நன்னன் என்று முதலில் எழுதினோம். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன் அந்தப் பெயரில் ஒருவன் உண்டு என்பது நினைவுக்கு வந்ததும் அடித்தோம். பேகன் என்றதும் வீட்டில், "மயிலுக்குப் போர்வை குடுத்துட்டு, பொண்டாட்டிய விட்டுட்டுப் போனவன் பேரா?" என்று கேட்டார்கள். அதையும் அடித்தோம். ஆய் வள்ளல் பெரிய கொடையாளிதான். ஆனால் தொட்டில் பிள்ளையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்ததோடு சரி. காரி நல்ல பெயர். 'காறித் துப்பு' என்று ஒருவன் சொன்னால் போதும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டான். எழினியைப் பெண் பெயர் என்று நினைப்பார்கள். ஆதன் இப்போது தெருவுக்கு ஒருவன் ஆகிவிட்டான். கீழடிப் பானை ஓட்டில் அந்தப் பெயர் கிடைத்ததிலிருந்து இன்னும் அதிகம்.

கடைசியில் நின்றது அந்துவன். சேர அரசர்களில் அந்துவஞ்சேரல் இரும்பொறை இருக்கிறான். கலித்தொகைக்கு நல்லந்துவனார் இருக்கிறார். அந்துவஞ்சேரலிடம் பேசுவதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. அதைப் பாடியவர் பெயர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். சேரி என்ற சொல்லைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு ஒரு புலவர் அரசன் முன்னால் நின்று பாடியிருக்கிறார். சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்பதற்கு மேல் அன்றைக்கு அந்தச் சொல்லில் எதுவும் இல்லை. இந்தத் தொடர்பு பிடித்துப்போய்த்தான் அந்தப் பெயரை முடிவு செய்தோம் என்றும் சொல்லலாம்.

ஒரு பெயருக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு எங்கள் தாத்தாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

தாத்தாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பெரியசாமி. ஊரில் பெரிய வீட்டுக்காரருக்கும் அதே பெயர். "எங்க ஐயா பேர எப்படிடா உனக்கு வச்சாங்க? வேலைக்காரனைக் கூப்பிடும்போது எங்க வீட்டுப் பொம்பளைங்க வாயில அந்தப் பேரு வரலாமா?" என்று கேட்டு, அன்றைக்கே பெயரை மாற்றிவிட்டார்கள். பெரியசாமி சின்னான் ஆனார். அதற்குச் சடங்கும் இல்லை, பதிவேடும் இல்லை. களத்தில் ஒருவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார், தாத்தா போனார், அவ்வளவுதான். பிறகு தெரு முழுக்கச் சின்னான் என்றே கூப்பிட்டது. வாக்காளர் பட்டியலில் சின்னான். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிக்கொடுத்ததிலும் சின்னான். அவரைவிட நாற்பது வயது இளைய பெரிய வீட்டுப் பையன்கள் "டேய் சின்னான்" என்பார்கள். எங்கள் அப்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது வாத்தியார் தகப்பனார் பெயரைக் கேட்டு 'சி' என்று முதலெழுத்துப் போட்டார். அப்பா கடைசிவரை அந்த எழுத்தோடுதான் கையெழுத்துப் போட்டார். எவனோ ஒருவன் வைத்த பட்டப்பெயரின் முதல் எழுத்து அது.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. படிக்கிற தம்பி தங்கைகள் உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். காகிதத்தில் ஒரு பெயர், அம்மா கூப்பிட்ட பெயர் ஒன்று, பண்ணையில் கூப்பிட்ட பெயர் ஒன்று என்று மூன்றாவது வரும். மனுநூல் பெயர் வைப்பதற்கும் விதி எழுதியிருக்கிறது. பிராமணன் பெயரில் மங்கலம் தெரிய வேண்டும், சத்திரியன் பெயரில் வலிமை, வைசியன் பெயரில் செல்வம், சூத்திரன் பெயரில் இழிவு. இது இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. நால்வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு வார்த்தைகூட ஒதுக்கவில்லை. எழுதாத விதியை ஊர்க்காரர்கள் களத்திலும் கிணற்றடியிலும் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்கள் எல்லாமே மற்றவர்கள் திணித்தவை என்று நம்மில் சிலர் மேடையில் பேசுகிறோம். அது முழு உண்மையாகாது. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோனால், அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, சாவுக்கே பிடிக்காத பெயராக வைக்கும் வழக்கம் பல சாதிகளிலும் இருந்தது. ஒரு தாய் பயத்திலும் பாசத்திலும் வைத்த பெயர் அது. குப்பம்மாள் என்ற பெயருள்ள நம் பாட்டியின் முன்னால் நின்று அந்தப் பெயரைக் கேவலம் என்று பேசுவதைப் போன்ற கேவலம் வேறு இல்லை. யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு பெயரைப் பற்றிப் பேச வேண்டும்.

பெயரைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டவர்கள் நமக்கு முன்னால் பலர். 1845இல் பிறந்த காத்தவராயன் தன் ஆசிரியரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். 1907இல் அவர் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். இரட்டைமலை சீனிவாசன் வேறு வழியில் போனார். எந்தச் சொல்லைச் சொல்லி இழிவு செய்தார்களோ அதையே தலைப்பாக வைத்து 1893இல் 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. இருவரும் உறவினர்கள், ஒரே காலத்தவர்கள், ஒரே மக்களுக்காக உழைத்தவர்கள். ஒருவர் பழைய பெயரை உதறினார், மற்றவர் அதையே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யார் சரி என்று இன்றைக்கும் நம் கூட்டங்களில் விவாதம் முடியவில்லை. பிறகு எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசின் ஆவணங்களில் ஆதி திராவிடர் என்ற பெயர் வந்தது. அண்மைக் காலத்தில் தொல். திருமாவளவன் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டும் இயக்கத்தை நடத்தினார். தன் தந்தை இராமசாமியின் பெயரையும் தொல்காப்பியன் என்று மாற்றினார். மகன் தகப்பனுக்குப் பெயர் வைத்ததை அன்றைக்குக் கேலி செய்தவர்கள் உண்டு. எங்கள் அப்பாவின் 'சி' எழுத்தை நினைத்துக்கொண்டு இருந்த நமக்கு அது கேலியாகத் தெரியவில்லை.

இனி எங்கள் மகன் கதைக்கு வருவோம். பெயரை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். பள்ளியில் சேர்த்து ஓராண்டு கழித்து, சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண், "அண்ணே, பிறப்புச் சான்றிதழ்ல அந்துவன்னு இருக்கு. பள்ளிக்கூடத்துல அந்தோணின்னு இருக்கே, எது சரி?" என்று கேட்டார்.

பள்ளியில் போய் விசாரித்தோம். சேர்க்கையின்போது பதிவு செய்தவர், கையால் எழுதிய பெயரைப் பார்த்து, அந்தோணியைத்தான் யாரோ தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று தானே திருத்திவிட்டார். "காலனிப் பிள்ளைகள்ல அந்தோணி நெறய உண்டுல்ல சார், அதான்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நமக்குத் தோன்றவில்லை. ஆனால் காலனிப் பிள்ளைக்கு இப்படி ஒரு சங்கப் பெயர் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்தோணி நல்ல பெயர். எங்கள் தெருவிலேயே மூன்று அந்தோணிகள் இருக்கிறார்கள். பிரச்சினை வேறு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறித்தவராக இருப்பவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவர்களுக்கு இன்னும் கதவு திறக்கவில்லை. அது தனியாக எழுத வேண்டிய அநீதி. இப்போதைக்கு, பள்ளி ஆவணத்தில் ஒரு பெயர் மாறியிருந்தால் சாதிச் சான்றிதழ் விசாரணையில் "மதம் மாறிவிட்டீர்களா?" என்ற கேள்வி வரும், உதவித்தொகையும் கல்லூரி இடமும் அந்தக் கேள்விக்குள் மாட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் புரிந்துகொண்டால் போதும். பிறப்புச் சான்றிதழ் சரியாக இருந்ததால் நாங்கள் தப்பித்தோம். அதைக் காட்டி, எழுதிக் கொடுத்து, எமிஸ் இணையதளத்தில் பெயர் மாறுகிறவரை நான்கு முறை நடந்தோம்.

ஆகவே பிள்ளை பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பெயர் முடிவாகவில்லை என்றாலும் பரவாயில்லை. ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன்பிறகு தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். பெயரை அச்செழுத்துப் போலத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள், வாயால் சொல்லாதீர்கள். பள்ளியில் சேர்த்த மறுவாரமே பதிவை ஒருமுறை பாருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது கட்டாயம் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிவிட்ட பிழையைத் திருத்த அலையும் அலைச்சல் உங்கள் பகைவருக்கும் வேண்டாம். வளர்ந்தவர்கள் பெயரை மாற்ற விரும்பினால் அரசிதழில் வெளியிட வழி இருக்கிறது.

ஆவணத்தில் அந்தோணி போனான். வகுப்பறையில் அந்துப்பூச்சி வந்தான்.

கேட்டதும் நமக்குக் கோபம் வந்தது. மறுநாளே போய் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும் என்று கிளம்பினோம். மகன்தான் தடுத்தான். யார் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால் நான்கு பெயர் சொன்னான். அவர்களுக்கும் பட்டப்பெயர் இருந்தது. ஒருவன் வடை, ஒருவன் ஆட்டோ, ஒருவன் ரெட்டைமண்டை. பெரிய வீட்டுப் பேரன் குண்டூசி. "குண்டூசின்னு யார்றா வச்சது?" என்றோம். "நான்தான்" என்றான்.

நாங்கள் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அந்துப்பூச்சி குண்டூசியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான், குண்டூசி அந்துப்பூச்சியைக் கீழே தள்ளுகிறான். நாமும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் இருந்தோம். அவன் அழுதுகொண்டு வந்திருந்தால் வேறு பேச்சு. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் அதே சொல் ஒரு மாதத்தில் வேறு வாயிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மா கூலி வாங்கப் போனபோது பேரனையும் கூட்டிப் போயிருந்தார். களத்தில் உட்கார்ந்திருந்த பெரிய வீட்டுக்காரர், பேரன் வீட்டில் சொல்லியதைக் கேட்டிருப்பார்போல, "டேய் அந்து, அந்தச் சாக்கை இங்க தூக்கிட்டு வாடா" என்றிருக்கிறார்.

இவன் சாக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "எம் பேரு அந்துவன் தாத்தா" என்றிருக்கிறான்.

"உங்க பூட்டன் சின்னான்னு கூப்பிட்டா ஓடி வருவான். நீ எனக்குப் பேரு சொல்லித் தர்றியா?"

அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, "சின்னப்பய, தெரியாமப் பேசிட்டான் சாமி" என்று சொல்லிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்று இரவு வீட்டில் பெரிய சண்டை. "நீங்க மேடையில பேசிட்டு வந்துருவீங்க. நாளைக்கு அங்க களை வெட்டப் போறது நான். பேருல என்னப்பு இருக்கு, அந்துன்னா அந்துன்னு இருந்துட்டுப் போறான்" என்றார் அம்மா. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பேச்சுக்கான கூலியை அவர்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சொன்னது போலவே இரண்டு வாரம் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

நண்பர்கள் சிலர், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமே என்றார்கள். பொது இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி ஏசினால் அந்தச் சட்டத்தின் பிரிவு 3(1)(s) பாயும். 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. சொல்லியிருந்தால் நாங்களும் தயங்கியிருக்க மாட்டோம். அவர் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. ஒரு பூச்சியின் பெயரைச் சொன்னார். குண்டூசி சொல்லும் அதே பெயர்தான். குண்டூசியை எங்கள் மகன் திருப்பிக் கூப்பிட முடியும். குண்டூசியின் தாத்தாவுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து அவர் களத்தில் நின்று அவரைக் கூப்பிட எங்கள் தாத்தாவாலும் முடிந்ததில்லை, நம்மாலும் முடியாது. சட்டத்தில் இதற்குப் பிரிவு இல்லை.

நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். சண்டை போடவில்லை. வாசலில் நின்று, "எங்க பிள்ளை பேரு அந்துவன். முழுசாக் கூப்பிடுங்க. வாயில வரலேன்னா தம்பின்னு கூப்பிடுங்க" என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டோம். மூன்றாவது வாரம் கடலை பிடுங்க ஆள் போதவில்லை. அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இப்போது மகனைப் பார்த்தால் அவர், "ஏப்பா தம்பி" என்கிறார். பெயரை இன்றுவரை சொன்னதில்லை. நாங்களும் அதற்குமேல் கேட்கவில்லை.

உண்மையில் வீட்டுக்குள்ளேயே ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் அம்மாவுக்கு அந்துவன் என்று வாயில் வராது. "அந்தவா, இங்க வாடா", "அந்தவன் சாப்பிட்டானா" என்பார். ஊருக்கெல்லாம் சரியாகச் சொல்லச் சொல்லிவிட்டு வீட்டில் இப்படிக் கூப்பிடலாமா என்று நாங்கள் பலமுறை திருத்தினோம். மகனும் திருத்தினான். அவர் மாறவில்லை.

நமது மாவட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்து உள்ள நடுகற்களைக் கண்டெடுத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். ஈராயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானவை. அதில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கு நட்ட கல். இறந்தவன் பெயர், ஊர், நடந்த சண்டை ஆகியவை மட்டும் அதில் இருக்கின்றன. சாதி இல்லை. பள்ளியில் தமிழி எழுத்துகளைக் கற்றுக்கொண்டு வந்திருந்த மகனிடம், ஒரு புத்தகத்தில் இருந்த அந்தக் கல்லின் படத்தைக் காட்டினோம். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினான். பெயர் வந்த இடத்தில் நின்று, மறுபடியும் முதலிலிருந்து கூட்டிப் பார்த்தான்.

"அந்துவன் இல்லப்பா. அந்தவன்னு போட்டிருக்கு."

எழுந்து அடுப்படிக்கு ஓடினான். "அப்பத்தா, நீ கூப்பிடுறதுதான் கல்லுல எழுதியிருக்கு."

"எந்தக் கல்லுல?" என்று கேட்டுவிட்டு அவர் புளியைக் கரைக்கத் தொடங்கினார்.